கியர் மாற்றும் கலையும் அதனைக் கற்ற இயந்திரமும்
ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் கைத்திறனை இயந்திரத்திடம் ஒப்படைத்துச் சென்ற கதையே தொழினுட்ப வரலாற்றின் பெரும்பகுதி எனலாம். நெசவும் அச்சும் இவ்வாறு கைமாறியமை பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆனால், மோட்டார் வாகனச் சாரதியின் இடக்காலும் இடக்கையும் செவியும் ஒருங்கே பயின்ற ஒரு நுண்கலை அவ்வாறு கைமாறியமை பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. விரைவுக் கார்கள் சிலவற்றில் இன்று காணப்படும் தன்னியக்கச் சுழற்சி ஒத்திசைவு என்னும் ஏற்பாடு அக்கலையின் இறுதிப் படிநிலையாகும். அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் நோக்கி, அவ்வரலாற்றில் இறக்காமம் போன்ற ஊர்களின் லொறிச் சாரதிகளுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சிக்கல் யாதெனத் தெளிதல் வேண்டும். ஒரு வாகனம் நான்காம் கியரில் செல்லும்போது அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தடவை சுழல்கின்றது எனக் கொள்வோம். நான்காம் கியரின் விகிதம் 1 ஆகவும் மூன்றாம் கியரின் விகிதம் 1.5 ஆகவும் இருப்பின், அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கியதும் எஞ்சின் 3000 தடவை சுழன்றாக வேண்டும். இடையிலுள்ள 1000 சுழற்சியை எஞ்சினுக்கு எவரேனும் கொடுத்தல் வேண்டும். சாரதி கொடாவிடின், ஓடும் வாகனத்தின் சடத்துவமே அதனைக் கிளச்சின் வழியாக வலிந்து கொடுக்கும். அவ்வேளை வாகனம் குலுங்கும், கிளச்சு தேயும், ஈரத் தரையாயின் எஞ்சினால் இயக்கப்படும் சில்லுகள் பிடி தளர்ந்து வழுக்கவும் கூடும்.

இச்சிக்கல் மோட்டார் வாகனத்தோடு உடன்பிறந்தது. பிரான்சில் பனார்-லெவசோர் நிறுவனத்தினர் 1891ஆம் ஆண்டளவில் எஞ்சினை முன்னே வைத்து, கிளச்சையும் நகரும் பற்சில்லுப் பெட்டியையும் அதன் பின்னே அமைத்த ஒழுங்கே பின்வந்த பெரும்பாலான கார்களுக்கு மூலமாயிற்று. அப்பெட்டியில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்சில்லுகளை நேரே ஒன்றோடொன்று தள்ளிப் பொருத்த வேண்டியிருந்தது. வேகங்கள் ஒவ்வாதவிடத்துப் பற்கள் அரைபட்டுக் கதறும். சில வேளை உடையும். இதற்கு மாற்றாகச் சாரதிகள் கண்ட வழியே, நம்மவர் 'டபுள் கிளச்சு' என வழங்கும் முறையாகும். குறைந்த கியருக்கு இறங்கும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வருதல், கிளச்சை விடுதல், அக்சிலரேட்டரைச் சற்றே மிதித்து எஞ்சினையும் அதனோடு இணைந்த பற்சில்லுத் தண்டையும் விரைவுபடுத்துதல், மீண்டும் கிளச்சை மிதித்துக் கியரைப் போடுதல், பின் கிளச்சை விடுதல் என இதில் ஐந்து படிகள் உள்ளன. இவை யாவும் ஓரிரு கணங்களில் முடிதல் வேண்டும். எவ்வளவு மிதிப்பது என்பதை எந்த மானியும் சொல்லவில்லை. எஞ்சினின் ஓசையே சொல்லிற்று.

இனி நம்மண்ணை நோக்குவோம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும், இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன்-நூட்சன் அணைகட்டியதும், அம்பாறைப் பிரதேசத்தில் பாரிய இயந்திரங்களின் காலத்தைத் தொடக்கிவைத்தன. அணையோடு வாய்க்காலும், வாய்க்காலோடு பாதையும் பெருகின. குளமும் வயலும் சூழ்ந்த இறக்காமம் போன்ற ஊர்களில் உழவு இயந்திரமும் நெல் ஏற்றும் லொறியும் வேளாண்மையின் உறுப்புகளாயின. வயல்களிற் பெரிதும் அறிமுகமான மாசி பெர்குசன் 35, 135 ஆகிய உழவு இயந்திரங்களின் கியர்ப் பெட்டிகள் நகரும் பற்சில்லு வகையின. அவற்றை நிறுத்தியே கியர் மாற்றுதல் வழக்கம். சேற்று வயலில் நின்று மாற்றுவதால் தீங்கில்லை. ஆனால், மலையேறும் லொறிக்கு நிற்க இடமேது?

அம்பாறையிலிருந்து மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் செல்வோர் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற ஏற்றத்தைக் கடந்தாக வேண்டும். பாரம் ஏற்றிய லொறி வளைவிலே வேகம் குன்றும்போது கியரைத் தவறவிடின், அடுத்த முயற்சிக்குள் அது நின்றுவிடும்; நின்றது பின்னோக்கி உருளவுங்கூடும். அதனாலேயே சில்லுக்குக் கட்டை வைக்கும் கிளீனர் எந்நேரமும் குதிப்பதற்கு ஆயத்தமாயிருந்தார். இறக்கமோ இதனினும் கொடிது. எஞ்சினின் தடுப்பாற்றலை நம்பிக் குறைந்த கியரில் இறங்க வேண்டிய லொறி, கியர் விழாது நியூட்ரலிலே நின்றுவிட்டால், பாரம் முழுவதும் பிரேக்கின் மீதே சாரும். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். ஆகவே சுழற்சி வேகத்தைச் செவியால் அளந்தறியும் ஆற்றல் இச்சாரதிகளுக்கு ஆடம்பரம் அன்று, உயிர்காப்பு ஆகும். கிளீனராகச் சேர்ந்த இளைஞன் பல காலம் சாரதியின் அருகிருந்து, அவர் காலையும் கையையும் பார்த்து, ஓசையைக் கேட்டே இதனைக் கற்றான். ஏட்டில் எழுதா இக்கல்வியும் குருகுலக் கல்வியே என்று கூறின் மிகையாகாது.

பொறியியலாளர் இச்சிக்கலுக்குத் தேடிய விடைகள் பலவாகும். அமெரிக்கரான ஏர்ல் தொம்சன் ஆக்கிய ஒத்திசைவுப் பொறிமுறை 1928இல் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. பற்கள் ஒன்றோடொன்று பொருந்துமுன் சிறிய உராய்வுக் கூம்புகள் அவற்றின் வேகங்களைச் சமப்படுத்துவதே இதன் தத்துவமாகும். எனினும் இது உடனே எங்கும் பரவிவிடவில்லை. 1948இல் அறிமுகமாகி, இலங்கையிலும் பெருவழக்குப் பெற்ற மொறிஸ் மைனர் காரின் முதலாம் கியருக்கு அதன் உற்பத்திக் காலம் முழுவதும் இவ்வசதி வாய்க்கவில்லை. மற்றொரு விடை, வேண்டிய கியரை முன்கூட்டியே தெரிந்து வைத்துப் பின்னர் ஒரு மிதியால் அதனை இயங்கச் செய்யும் முன்தெரிவுக் கியர்ப் பெட்டியாகும். 1958இல் நிறுவப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டனில் ஓடித் தேர்ந்த ஆர்.டி. வகை இரட்டைத் தட்டு பஸ்களைப் பெருந்தொகையாக வாங்கியதால், இவ்வமைப்பும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒத்திசைவுப் பொறி வந்தபின் டபுள் கிளச்சின் தேவை கார்களில் அருகிற்று. ஆயினும் மூலச்சிக்கலின் ஒரு பாதி எஞ்சியே நின்றது என்பது மனங்கொளத்தக்கது. அப்பொறி பெட்டியினுள்ளே உள்ள பற்சில்லுகளை மட்டுமே சமப்படுத்தும். கிளச்சுக்கு அப்பாலுள்ள எஞ்சினை அது தொடுவதில்லை. எனவே பந்தயச் சாரதிகள் வலக்காலின் முற்பாகத்தால் பிரேக்கை அழுத்தியவாறே, அக்காலின் குதியாலோ ஓரத்தாலோ அக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினை விரைவுபடுத்தும் முறையைக் கைக்கொண்டனர். வளைவை அணுகுகையில் பிரேக்கும் கியரும் ஒருங்கே தொழிற்பட வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம்.

இத்திறனை இயந்திரம் கற்பதற்கு மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையிலிருந்த கம்பித் தொடர்பு அறுந்தாக வேண்டும். 1987இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பன்னிரு உருளை எஞ்சின் பூண்ட 750 ரகக் காரில் மின்னணுவியல் முறையால் இயங்கும் காற்றுவாயில் இடம்பெற்றது. 1989இல் பெராரி 640 என்னும் பந்தயக் கார், சுக்கானின் பின்னுள்ள துடுப்புகளாற் கியர் மாற்றும் அமைப்புடன் தன் முதற் பந்தயத்திலேயே பிரேசிலில் வெற்றியீட்டிற்று. 1990களில் ஸ்கானியா, ஈற்றன் முதலான நிறுவனங்களின் பாரவண்டி அமைப்புகளில், கணினியே எஞ்சினின் சுழற்சியை ஏற்றியிறக்கிக் கியரைப் பொருத்தலாயிற்று. கார்ச் சாரதியின் கைக்கியருக்கு இவ்வுதவி கிட்டுமுன்னரே லொறி அதனைப் பெற்றுவிட்டது என்பது இவ்வரலாற்றில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கதாகும். கலை பெரிதும் வேரூன்றியிருந்த இடத்திலேயே அதனைக் கணினியும் முற்படப் பயின்றது.

கையாற் கியர் மாற்றும் விரைவுக் காருக்கு இது 2008இன் இறுதியில் அறிமுகமான நிசான் 370இசட் மூலம் வந்தது. கியர்த் தண்டு எத்திசை நோக்கி நகர்கின்றது என்பதை உணரிகள் அறிவிக்க, வாகனத்தின் வேகத்தைக் கொண்டு வேண்டிய சுழற்சியைக் கணித்து, கிளச்சு விடுபடுமுன் எஞ்சினை அவ்வளவுக்குக் கொண்டுவருகின்றது கணினி. பின்னர் செவ்ரலே கோர்வெட், போர்ஷே 911, ஹொண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் முதலியவையும் இவ்வழி நின்றன. 370இசட் காரிலும் கோர்வெட்டிலும் சாரதி விரும்பின் இதனை நிறுத்திவைக்கவும் இயலும். திறன் தனக்கே உரியது என்று கருதுவோருக்கு அந்த ஒரு பொத்தான் அளித்த மதிப்பு பெரிது.

இம்மாற்றத்தை எவ்வாறு மதிப்பிடுவது? கலை அழிந்தது எனப் புலம்புவது ஒரு சாரார் இயல்பு. ஆனால், பிரேக் சூடேறிய லொறியில் இறங்கியவர் எவரும் கணினியின் உதவியை வெறுத்திரார். இழப்பு கருவியின் வரவால் நேர்ந்ததன்று. அறிவைப் பதியாமல் விட்டதால் நேர்ந்தது. கணினி கற்றதனைப் பொறியியலாளர் சமன்பாடுகளாக எழுதி வைத்துள்ளனர். நம் சாரதிகள் கற்றதோ அவர்தம் செவியோடு மறைகின்றது. எந்த வளைவில் எந்தக் கியர், எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு மிதி, ஓசை எவ்வாறு மாறின் ஆபத்து என்பன அனைத்தும் அளந்தறிந்த உண்மைகளே. அளந்த கருவி மட்டுமே மனித உடலாயிருந்தது. மின்சாரக் கார்கள் பெருகி, கியர்ப் பெட்டியே அருகிவரும் இக்காலத்தில், 2023இல் அறிமுகமான ஹூண்டாய் அயோனிக் 5 என் என்னும் மின்சாரக் கார், இல்லாத கியரின் குலுக்கத்தையும் ஓசையையும் போலியாகப் படைத்துக் காட்டுகின்றது. மெய்யான அனுபவம் உடையோரிடம் கேட்டறியும் வாய்ப்பு நமக்கு இன்னும் உண்டு.

அம்பாறையில் ஹார்டி உயர் தொழினுட்ப நிறுவகமும், ஒலுவிலில் பொறியியற் பீடமுடைய தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இறக்காமத்துக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளன. அங்குப் பயிலும் மாணவர், ஓய்வுபெற்ற சாரதிகளையும் கிளீனர்களையும் அணுகி அவர்தம் தொழில்மொழியையும் அனுபவ அறிவையும் பதிவு செய்வாராயின், தொழினுட்ப வரலாறு என்பது கண்டுபிடித்தோர் வரலாறு மட்டுமன்று, கையாண்டோர் வரலாறுமாகும் என்பது நிலைபெறும். அப்பணிக்கு முதியோர் வாழ்நாளே காலவெல்லை ஆதலின், அது தாழ்த்தற்குரியதன்று.