வெள்ளிக் காசில் மூன்று எழுத்து

மாணவர்களே, ஒரு சின்னப் பயிற்சி. உங்கள் கையில் பழைய ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய காசு? எங்கிருந்து தொடங்குவீங்க?

பலர் உடனே முகத்தைப் பார்ப்பார்கள். முதல்ல தலையில் என்ன இருக்கு என்று பாருங்கள். லாரல் இலை மாலை என்றால் அது டினாரியஸ் வகை. கதிர்கள் நீட்டிய முடி என்றால் 3ஆம் நூற்றாண்டில் பரவலாகப் புழங்கிய வேறு வகை. அடுத்தது விளிம்பு எழுத்து. ரோமானியர் 'யு'வையும் 'வி' போலவேதான் வெட்டினார்கள். இதை மறந்தால் பெயர் பிடிபடாது. முன்னால் 'இம்ப்' (பேரரசர்), கடைசியில் 'ஆக்' (அகஸ்டஸ்), இடையில் பெயர். நம் காசில் அந்தப் பெயர் கராசியஸ்.

இவர் முறைப்படி பட்டத்துக்கு வந்தவர் இல்லை. பிரிட்டனுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட கடலில் கொள்ளையரை அடக்க அனுப்பப்பட்ட தளபதி. மீட்ட பொருளைத் தானே அமுக்கிக்கொண்டார் என்று குற்றச்சாட்டு வந்தது. பேரரசர் மேக்சிமியன் மரண தண்டனை விதிக்க, 286 வாக்கில் கராசியஸ் பிரிட்டனைப் பிடித்துத் தன்னையே பேரரசர் என்று அறிவித்தார்.

இங்கேதான் வெள்ளி முக்கியமாகிறது. அப்போது ரோமின் 'வெள்ளி'க் காசு பெரும்பாலும் மேலே வெள்ளி பூசிய செம்பு. கலகக்காரர் என்று பெயர் வாங்கியவரோ நல்ல வெள்ளியில் அடித்தார்! அந்தக் காசுகளின் அடியில் 'ஆர்.எஸ்.ஆர்.' என்று மூன்று எழுத்து. நிதி அதிகாரியின் பதவிப் பெயராக இருக்கும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1998இல் கை டி லா பெடோயர் வேறு விளக்கம் தந்தார்: பொற்காலம் திரும்புவதைப் பாடும் வெர்ஜிலின் நான்காம் எக்லாக்கில் வரும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. அவருடைய சான்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கராசியஸின் பதக்கம் ஒன்றில் 'ஐ.என்.பி.சி.டி.ஏ.' என்று ஆறு எழுத்து இருக்கிறது; அது அதே பாடலின் அடுத்த வரியோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஒன்று தற்செயல் என்றாலும், இரண்டும் அடுத்தடுத்த வரியில் அமையுமா?

இனி தேர்வுக்கு வருவோம். மேக்சிமியன் தரப்புப் புகழுரைகள் இவரைப் பெயர்கூடச் சொல்லாமல் கடற்கொள்ளையன் என்கின்றன. காசோ, பொற்காலத்தைக் கொண்டுவந்தவர் என்கிறது. "காசு நடுநிலையானது, ஆகவே அதை நம்பலாம்" என்று எழுதாதீங்க. என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் தவறு இது. காசும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான். அவர் என்ன செய்தார் என்பதைவிட, மக்கள் தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று விரும்பினார் என்பதற்கே அது நல்ல சான்று.

அந்த விருப்பம் பின்னாளில் மாறுவதையும் காசிலேயே காணலாம். சில செம்புக் காசுகளில் 'ஆக்' என்பதோடு மூன்று 'ஜி' வரும். மூன்று பேரரசர்கள் என்று பொருள். ஒன்றில் டையோகிளிஷன், மேக்சிமியன் இருவரோடும் தன் முகத்தையும் பொறித்து, 'கராசியஸும் அவர் சகோதரர்களும்' என்று எழுதினார். சகோதரர்கள் ஏற்கவில்லை. 293இல் அவர்களின் தளபதி கான்ஸ்டான்டியஸ் பூலோன் துறைமுகத்தைப் பிடித்தார். அதே ஆண்டு கராசியஸைக் கொன்றவர் அவருடைய சொந்த அதிகாரி அலெக்டஸ்.