ஏரி மீனும் ஊர்க் கட்டுப்பாடும்

கோடை பிறந்து குளங்கள் வற்றத் தொடங்கியதும் திருக்காட்டுப்பள்ளிச் சுற்றுக் கிராமங்களில் மீனைக் குறித்த வழக்கு எழுவதுண்டு. “குளம் ஊருடையது, ஆதலின் மீனும் ஊருக்கே” என்பர் ஒரு சாரார். “ஏலத்திற் பணங் கட்டியவன் யான்” என்பர் குத்தகைதாரர். இவ்விரு வாதங்களும் நெடுங்காலத்தவை. ஆயினும் இரண்டுக்கும் அடியிலிருந்த ஷரத்து ஒன்றை இரு சாராரும் மறந்துவிட்டனர் என்பது எமது அபிப்பிராயம். அதனை நினைவூட்டவே இதனை எழுதத் துணிந்தோம்.

சோழர் காலத்தில் ஏரி ஊராரின் கண்காணிப்பில் இருந்தது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாஸனங்கள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவற்றில் ஏரி வாரியத்திற்கு அறுவரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறை காணப்படுகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கொடுக்கும் பாட்டத்தைக் கல்வெட்டுக்கள் பாசிப்பாட்டம் என வழங்கும். இவ்வருவாய் ஏரியைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் விடப்பட்டதைப் பல ஊர்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. நீரில் விற்ற மீன் கரையில் மண்ணாக ஏறிற்று. அந்த ஷரத்து இதுவே.

நீர்நிலைக்கு நீர்நிலை கட்டுப்பாடு வேறுபட்டது. கோவில் தீர்த்தத்து மீனுக்குப் பொரியிடுவது வழக்கமேயன்றி வலையிடுவது வழக்கமன்று. புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய்களிலோ, நீர் குறைந்த பின் ஒரு நாள் குறித்து, ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் குறிப்புக் காட்டியதும், அயலூராருட்பட அனைவரும் ஊத்தாவும் கச்சாவுமாய் இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் நடைபெறுகிறது. குறிப்புக்கு முன் ஒருவரும் காலை நனைப்பதில்லை. எழுதாத சட்டத்துக்கு இத்துணை மரியாதை இருப்பதைக் காண்பவர் வியப்பர்; எழுதிய சட்டம் பெறும் மரியாதையை நாமறிவோம்!

எழுதிய சட்டம் தோன்றியதற்கும் நமது காவிரி நாட்டுக்கும் தொடர்புண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. பாசனம் பெருகிற்று; அதனால் தஞ்சை ஜில்லா அடைந்த நன்மை பெரிது. ஆனால் கடலினின்று முட்டையிட ஆறேறி வரும் உல்லம் மீன் கீழணையில் முட்டி நின்றது. இத்தகைய அணைகளால் மீனுக்கு விளைந்த கேட்டை ஆராய்ந்தவர் டாக்டர் பிரான்சிஸ் டே. இந்தியா, பர்மா தேசங்களின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் அவர் அறிக்கை வெளியிட்டார். தாசில்தார்களை வினவி, குஞ்சும் தப்பாத சிறு கண்ணி வலைகள், வாய்க்காலை அடைக்கும் பறிகள், நீரில் நஞ்சு கலத்தல் ஆகியவற்றை அதில் எடுத்துரைத்தார். கீழணையில் மீன் ஏறப் படிகள் அமைத்தும் உல்லம் ஏறவில்லை. 1909-இல் கொள்ளிடத்தில் அதன் முட்டையைச் செயற்கையாய்ப் பொரிக்க முயன்றனர். 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் தணிந்தபின் காவிரியில் அம்மீன் மிக அருகிற்று.

1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம் வெடியிட்டும் நஞ்சிட்டும் மீனைக் கொல்வதைத் தடுத்தது. மீறினோர்க்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் விதித்தது. வலைக் கண்ணியின் அளவைக் குறிக்கவும், ஒரு நீர்நிலையில் இரண்டாண்டு வரை மீன்பிடிப்பை நிறுத்தவும் மாகாண துரைத்தனத்தாருக்கு அதிகாரமளித்தது. தனியார் நீர்நிலைக்கு அவ்விதிகள் செல்ல உடையவரின் சம்மதம் வேண்டும். நல்ல சட்டமே. எனினும் ஏரியின் வண்டலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குடிமராமத்து வேலைக்கு 1858-ஆம் வருஷத்து முதலாம் சட்டம் தனியே இருந்தது. மண் வெட்டுவதற்கு ஒரு சட்டம், மீனுக்கு மற்றொரு சட்டம் என்றாயின. பாசிப்பாட்டத்தில் இரண்டும் ஒரே கணக்கில் இருந்தமை மறைந்தது.

இக்காலத்திற் சில குளங்களை ஊராட்சியும், சில ஏரிகளை அரசாங்கத் துறையினரும், கோவிற்குரியவற்றைத் தேவஸ்தானமும் குத்தகைக்கு விடுகின்றனர். ஆதலின் நம்மவர் ஏலம் கேட்குமுன் நீர் எவர் வசமுள்ளது என்பதை முதலில் விசாரித்தறிக. மீன் பிடிக்கும் பொருட்டு மதகைத் திறந்து நீரை வடித்துவிடுதல் குத்தகைதாரர் சிலர் செய்யும் பெரும் அநியாயம். மேட்டூர் அடைத்த மாதங்களில் கால்நடைக்கும் நாற்றங்காலுக்கும் அந்நீரே கதி. இவ்வளவு ஆழம் நீர் நிற்க வேண்டும் என்னும் வரியும், குத்தகைத் தொகையில் ஒரு பங்கு அக்குளத்தின் தூர் வாருதற்கே செலவாக வேண்டும் என்னும் வரியும் குத்தகைச் சீட்டில் இடம்பெறுமாறு, அடுத்த ஏலத்திற்கு முன் கூடும் கிராம சபையில் நம்மவர் மனுச் செய்துகொள்ளலாம்.