மாட்டு வண்டியில் வந்த ஆன்டெனா

1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியபோது, செய்த வேலையை அமெரிக்காவின் டல்லாஸில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்பத் தோதான தரவு இணைப்பு ஊரில் இல்லை. செயற்கைக்கோள் வழியாகத் தனி இணைப்பு வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. தொலைத்தொடர்பு முழுக்க அரசின் கையில் இருந்த காலம் அது. அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. கடைசியில் அனுமதி கிடைத்து, ஆன்டெனா மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது.

அதுவரை மென்பொருள் ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் ஆட்களை விமானம் ஏற்றுவதுதான். 1968இல் பிறந்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், எஃப்.சி. கோலியின் தலைமையில் 1970களில் இந்த வழியைத் திறந்தது. 1981இல் இன்ஃபோசிஸைத் தொடங்கிய எழுவரிலும் பலர் அமெரிக்காவில் வாடிக்கையாளரின் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். நாராயண மூர்த்தி இந்தியாவில் இருந்தார். இறக்குமதிக் கணினி அன்று எட்டாக்கனி என்பதால், கணினி இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் போனார்கள்.

1991இல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பை உருவாக்கியது. சொந்த ஆன்டெனா வைக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களும் அதன் செயற்கைக்கோள் இணைப்பை வாடகைக்குப் பெற்றன. இனி வேலையே பயணம் போகலாம்.

ஆனால் இணைப்பு தீர்க்காத சிக்கல்கள் இருந்தன. ஒரே அறையில் இருந்தால் எட்டிப் பார்த்துக் கேட்டுவிடலாம். பெங்களூரில் எழும் சந்தேகத்துக்கு நியூயார்க் விழிக்கும்வரை பதில் வராது. தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு முழு நாள் வீண். ஆகவே எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் வேரூன்றியது: தேவைக் குறிப்பு, மாற்றக் குறிப்பு, ஷிஃப்ட் முடியும்போது ஹேண்ட்ஓவர் குறிப்பு.

இரு கரைகளுக்கும் பாலமாக, வாடிக்கையாளரின் இடத்தில் இருக்கும் ‘ஆன்சைட் கோஆர்டினேட்டர்’ வந்தார். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அதை ஊரில் இருக்கும் குழுவுக்குப் புரியவைப்பதும் அவர்தான். பெரியவர்களிடம் ‘முடியாது’ என்று நேரே சொல்லிப் பழகாத இளைஞர்கள், ‘பார்க்கிறோம்’ என்று இழுத்தால், அந்தத் தேதிக்கு வேலை முடியாது என்று வாடிக்கையாளரிடம் உடைத்துச் சொல்வதும் அவர்தான்.

நேரத்தின் சுமையைப் பெரும்பாலும் இந்தியத் தரப்பே தாங்கியது. இந்தியாவுக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி இடைவெளி. அமெரிக்கக் கடிகாரம் மாறும்போதெல்லாம் பெங்களூர், சென்னைக் குழுக்களின் மாலைக் கூட்டமும், அதோடு வீட்டுச் சாப்பாட்டு நேரமும் நகர்ந்தன.

நிறுவனர்களின் கதைகள் நிறையவே அச்சில் இருக்கின்றன. குறிப்பு எழுதியவர்கள், இரவுகளை மாற்றிக்கொண்டவர்கள், அவர்களுக்காக விழித்திருந்த குடும்பத்தினர் ஆகியோரின் நினைவுகள் அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. 1980களில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை ஓய்வுபெற்று வரும் இந்த வேளையில், அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.