கம்பி இழுக்கும் கலை

அணிகலன் என்றவுடன் நம் உள்ளம் அதன் வடிவழகையே நாடுகிறது. அது எதனால் ஆயிற்று, எக்கருவியால் ஆயிற்று என்று நாம் கேட்பது அரிது. ஆனால் ஒடிசாவின் பழைய தலைநகரான கட்டாக்கில் வழங்கும் வெள்ளி இழை வேலைக்குத் 'தாரகசி' என்று பெயர். தார் என்பது கம்பி. கசி என்பது இழுத்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. பூவையோ கொடியையோ சொல்லாமல், கம்பி இழுக்கும் தொழிலையே சொல்லும் பெயர் அது. கம்பி நகை செய்யத் தொடங்குவோர் எதனை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அப்பெயரே விடை கூறுகிறது.

கம்பி நகையின் வரலாறு மிகப் பழையது. கி.மு. 2500ஐ ஒட்டிய ஊர் நகரத்து அரசக் கல்லறைகளில், பொற்கம்பியைச் சுருட்டிச் செய்த அணிகள் கிடைத்திருக்கின்றன. அப்பண்டைக் காலத்தார் பொதுவாகத் தகட்டிலிருந்து மெல்லிய நாடாவை வெட்டி, முறுக்கி, உருட்டியே கம்பி செய்தனர். அக்கம்பிகளின் மீது சுருள்கோடு ஒன்று இன்றும் தெரிகிறது. வரிசையாகச் சிறுத்துச் செல்லும் துளைகளையுடைய இரும்புப் பலகையாகிய கம்பியச்சு பிற்காலத்தில் வழக்கிற்கு வந்தது. ஒவ்வொரு துளையாக இழுக்க இழுக்கக் கம்பி மெலிந்து நீள்கிறது. கனம் எங்கும் ஒரே சீராக அமைந்தது இக்கருவியின் பயனேயாகும். ஒரு கிராம் வெள்ளியைக் கால் மில்லிமீட்டர் கம்பியாக இழுத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் கிடைக்கும்!

இனி, உலோகம். இழுக்குந்தோறும் கம்பி விறைத்துக்கொள்ளும். இடையிடையே அனலில் காட்டி இளக்காவிடில் முறிந்துபோகும். ஆயிரத்தில் 75 பங்கு செம்பு கலந்த வெள்ளி உறுதியானது. ஆனால் சூட்டில் அதன் மேனி கறுத்து, பற்றவைப்பதற்கு இடையூறு செய்யும். தூய வெள்ளியோ எளிதில் வளையும், சூட்டில் கறுப்பதில்லை. ஆகவே, உள்ளே நிரப்பும் நுண்ணிழைக்குத் தூய்மை மிக்க வெள்ளியே ஏற்றது. அதனைத் தாங்கும் வெளிச்சட்டத்திற்குப் பருமனான கம்பி வேண்டும்.

இரண்டு மெல்லிய கம்பிகளை ஒன்றாக முறுக்கித் தட்டையாக்கினால், விளிம்பில் சிறு மணிகள் கோத்தாற்போன்ற தோற்றம் உண்டாகிறது. தாரகசியின் மினுமினுப்புக்கு இது ஒரு முக்கிய காரணம். அந்த இழையைச் சாமணத்தால் வளைத்துச் சட்டத்துக்குள் அடுக்கி, வெண்காரமும் பற்றாசுப் பொடியும் இட்டு அனல் காட்டுகின்றனர். வெள்ளி உருகுவது 962 பாகை செல்சியசில்; பற்றாசு அதற்குச் சற்றுக் கீழே உருகும். அந்தச் சிறு இடைவெளிக்குள் கை நிற்காவிடில், பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் உருண்டையாகிவிடும்.

இத்தொழிலின் அருமையை உணர்ந்தவர் 'உத்கல கௌரவ' மதுசூதன் தாஸ் (1848–1934). 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கட்டாக்கில் கலைப்பொருள் நிலையம் ஒன்றை நிறுவி இழை வேலைக்கு ஆதரவளித்தார். தெலங்கானாவின் கரீம்நகர் இழை வேலைக்கு 2007இலும், கட்டாக் தாரகசிக்கு 2024இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனினும் குறியீடு மட்டும் கலையைக் காத்துவிடாது. அச்சில் வார்த்த நகை விரைவில் ஆகிறது. பார்வைக்கு இழை வேலை போலவே மயக்குகிறது. உற்று நோக்கினால் அதில் இழையின் கூர்மை இராது. அவ்வேறுபாட்டை நாம் அறியாதிருக்கும்வரை, நாட்கணக்கில் உழைத்தவனுக்கு உரிய கூலி கிடைப்பதெங்ஙனம்?

புதிதாகத் தொடங்குவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது எளியது. முதலில் செப்புக் கம்பியில் பழகலாம். விலை குறைவு, விறைத்தலும் இளகுதலும் அதிலும் உண்டு. பல்லில்லாத, வழவழப்பான வாயுடைய குறடு வேண்டும். பல்லுள்ளது கம்பியில் தழும்பு போடும். சாமணம், வெட்டுக் கத்தரி, சிறு அரம் ஆகியவை போதும். கை தேர்ந்தபின் வெள்ளிக்குச் செல்லலாம். அவ்வாறு ஒரு சாண் கம்பியைத் தம் கையால் வளைத்துப் பார்த்தவர், கட்டாக் கைவினைஞரிடம் பேரம் பேச மனம் கொள்ளார் என்பதே நம் நம்பிக்கை.