ஈரநிலத்தில் பயறு காத்தல்: ஜொகூர்த் தோட்டத் தமிழரின் இல்லச் சேமிப்பு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கூலி, கங்காணி முறை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். லயத்து அடுப்படி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பயறு காக்கும் முறையை ஆராய்வதன்வழி, புலம்பெயர்ந்தோரின் அறிவு புதிய தட்பவெப்பத்தில் எவ்வாறு சோதனைக்குள்ளானது என்பதை அறியலாம்.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. 1909-இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாருவரை இரயில் பாதை நிறைவுற்றது. இவற்றைத் தொடர்ந்து ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வருகை பெருகியது. திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் புன்செய் நிலங்களில் பயற்றை வெயிலில் காயவைத்தல், துவரைக்குச் செம்மண் கட்டுதல், ஆமணக்கெண்ணெய் தடவுதல், வேப்பிலையோ சாம்பலோ இட்டுக் குதிரில் வைத்தல் ஆகியன வழக்கில் இருந்தன.

இவற்றின் பயனை இன்றைய பூச்சியியல் விளக்குகிறது. பயற்று வண்டு வயலிலேயே நெற்றின்மீது முட்டையிடுவதால், அது அறுவடையோடு வீட்டிற்குள் வந்துவிடுகிறது. புழு பருப்பினுள் வளர்ந்து, வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகித் துளையிட்டு வெளியேறும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் தடவினால் முட்டை மூச்சடைத்து அழியும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இவ்வண்டின் தாக்குதல் குறைவு.

ஆனால், மேற்கண்ட முறைகளுக்கெல்லாம் தொடர் வெயிலே அடிப்படை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஜொகூரில், குறிப்பாக நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அவ்வெயில் கிட்டுவதரிது. மேலும், தொழிலாளர் பயற்றை விளைவிக்கவில்லை. மாதக் கூலியைக் கொண்டு கடையில் வாங்கினர். ஓராண்டு விளைச்சலைக் காக்கும் குதிரின் தேவை மறைந்து, ஒரு மாதச் சரக்கைக் காக்கும் மூடிய தகர டப்பாவே போதுமானதாயிற்று.

ஈரநிலத்தில் வண்டினும் கொடிது பூஞ்சணம். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் இறந்ததை அடுத்து, 1960-க்குப் பின்னரே இனங்காணப்பட்டது. சாதாரணக் கொதிநிலையில் அந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. ஆகவே நிறம் மாறியதை, முடைநாற்றம் வீசுவதைக் கழுவிச் சமைக்காமல் எறிந்துவிடுவதே தக்கது. முறத்தில் புடைத்துச் சொத்தை பொறுக்கும் பழக்கம் வெறும் தூய்மைக்கான செயலன்று. அது ஒரு நஞ்சுத் தடுப்பு முறையுமாகும்.

1942 சனவரி இறுதியில் ஜொகூர் முழுவதும் சப்பானியர் வசமானது. இந்தியாவிலிருந்து சரக்கு வருவது நின்றது. மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. இறக்குமதியை நம்பிய அடுப்படியின் நலிவை அம்மூன்றரை ஆண்டுகள் புலப்படுத்தின. அத்தகைய காலத்தில் பூச்சி விழுந்த பருப்பை எறிவதா, உண்பதா என்னும் முடிவு பெண்களின் கையில் இருந்தது. அம்முடிவுகள் எந்தத் தோட்டப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாற்றப்பட்டும் லயங்கள் கலைந்துவிட்ட நிலையில், இவ்வறிவு முதியோரின் நினைவிலேயே எஞ்சியுள்ளது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு இதனை வாய்மொழியாகத் திரட்டினால், மலேசியத் தமிழர் வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி நிறைவுபெறும்.