மேசைமேல் ஒரு பால்மரக்காடு

போர் விளையாட்டுக்கான நிலம் முதலில் அரண்மனைச் சரக்காக இருந்தது. 1812இல் பிரஷ்ய மன்னருக்காக ரைஸ்விட்ஸ் ஒரு மேசை செய்து கொடுத்தார். ஆறு, குன்று, காடு என்று சதுரத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, எந்தப் போர்க்களத்தையும் அதில் உருவாக்கலாம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதி அதையெல்லாம் வீட்டுத் தரைக்கு இறக்கினார். குழந்தைகளின் மரக்கட்டைகள் வீடாச்சு, ஒடித்த குச்சிகள் மரமாச்சு. பொம்மைச் சண்டை போதும், நிஜச் சண்டை வேண்டாம் என்றார். அடுத்த ஆண்டே உலகப்போர் வந்துவிட்டது.

இந்தக் கைவேலை நமக்குப் புதுசில்லை. கொலுப் படிக்குக் கீழே கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கியவர்கள்தானே நாம்! அதே கை மலாயாப் போரை மேசைமேல் வைத்தால் எதைச் செய்ய வேண்டியிருக்கும்?

பால்மரக்காட்டைத்தான். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. அது கடந்து வந்த வழியில் பெரும்பகுதி ரப்பர் தோட்டம். ஸ்லிம் ரிவரில் ஜனவரி 7 விடிவதற்குள் ஜப்பானிய டாங்கிகள் சாலையில் புகுந்தன. வழியை மறித்த இடத்தில், கைவிடப்பட்ட பழைய சாலை வளைவுகளில் திரும்பிச் சுற்றிவந்தன. மரங்களுக்கு நடுவில் எந்த வழி இருக்கிறது என்பதே அன்று சண்டையைத் தீர்மானித்தது.

செய்வதற்குக் காசு வேண்டாம். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி அடிமரம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை அடித்தால் தழை. வடிகட்டிய தேயிலைத் தூளைக் காயவைத்துப் பசையில் தூவினால் சருகு. ஒரே விஷயம், குச்சிகளை இஷ்டத்துக்கு நடக்கூடாது. நேர்வரிசையில் நட வேண்டும். வரிசை வழியே பார்த்தால் எதிரி தூரத்திலேயே தெரிவான், கொஞ்சம் விலகினால் மரங்கள் மறைத்துவிடும்.

அந்த வரிசையை நட்டது யார்? புக்கிட் தெங்கா இருக்கும் செபராங் பிறையில், அன்றைய புரொவின்ஸ் வெல்லஸ்லியில், முதலில் கரும்புக்கும் பிறகு ரப்பருக்கும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள்தான் காட்டைத் தோட்டமாக்கினார்கள். இன்று புக்கிட் தெங்கா என்றால் தொழிற்பேட்டை. ஆனால் மலாயாப் போரின் நிலம் இயற்கை தந்தது மட்டுமல்ல, பாதி நம்மவர் கை நட்டது. ஆட்ட விதியில் அதற்குப் பெயர் வெறும் ‘மறைவிடம்’.

அதனால் மேசையில் லயமும் வேண்டும். தீப்பெட்டிகளை நீளமாக ஒட்டி, நெளி அட்டையின் மேல்தாளை ஈரமாக்கி உரித்தால் தகரக் கூரை கிடைத்துவிடும். அதைச் சாலையோரம், டாங்கி போகும் வழியிலேயே வையுங்கள். படைகள் கடந்துபோன பிறகும் போர் அங்கே முடியவில்லை. அந்த வீடுகளிலிருந்துதான் பல்லாயிரம் தமிழர்களை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நிறைய பேர் திரும்பவில்லை. ஆட்டம் முடிந்து சிப்பாய்களைப் பெட்டிக்குள் அடுக்கும்போது, லயத்தைக் கடைசியாக எடுங்கள்.