நாட்டுடைமை
நாட்டுடைமையான நாவலொன்றை அச்சிட விரும்பிய இளைஞர், "அரசிடம் அனுமதி வாங்கணுமா சார்?" என்று கேட்டார். வேண்டியதில்லை. ஆனாலும் அவர் குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது அவை அரசின் கைக்குப் போயின. நூல் நாட்டுடைமையானாலோ யார் கையிலும் தங்குவதில்லை. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, யாரும் அச்சிடலாம் என்று அரசு விலகிக்கொள்கிறது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியதும் இப்படித்தான் பொதுவில் வந்து முடிந்தது. ஒரே சொல், எதிரெதிர் விளைவு! 'உடைமை'க்கு இந்த நெகிழ்வு பழக்கம்தான். அன்புடைமை, அறிவுடைமை, பொறையுடைமை என்று குறளின் அதிகாரப் பெயர்களில் அது குணம்; பூட்டிவைக்கும் பொருளல்ல. சோழர் கல்வெட்டில் 'உடையார்' என்றால் அரசன், சில இடங்களில் இறைவன். பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் உடைமை என்பது பெட்டியும் பையும். பதிப்புலகத்துக்குப் 'பொதுவுடைமை' பொருந்தியிருக்கும், ஆனால் அதைக் கட்சிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் சட்டப்படி காலாவதியாவதும் உரிமைதானே தவிர உடைமையல்ல. ஆகவே என் ஓட்டு 'பொதுவுரிமை'க்கு. பொன்னியின் செல்வனை மலிவு விலையில் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு விற்பதற்கு அந்தப் பெயரே சரி. அவற்றில் சிலவற்றின் அச்சுப்பிழைகளுக்கு வேறு பெயர் தேட வேண்டும்.